அண்ணாச்சி சொன்னதை அப்படியே சொன்னேன்

வேலையில் இருந்த காலமெல்லாம் நான் மற்றவர்களுடைய ‘நான்’களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தில்லி நாடாளுமன்றத்தின் மேலவையில் தமிழ் உறுப்பினர் ஒருவர் எழுந்து, “நான் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தபோது” என்று தொடங்கினால், கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கும் நானும், “நான் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தபோது” என்று ஆங்கிலத்தில் சொல்லுவேன். ‘அவர் சொல்கிறார்’ என்று சேர்க்கக்கூடாது. அதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். அப்படி நான் பஞ்சாயத்துத் தலைவராகவும், ஜெயிலுக்குப் போனவராகவும், ஆலை முதலாளியாகவும் இருந்திருக்கிறேன். பூதப்பாண்டியில் பிறந்து நாகர்கோவிலில் கல்லூரி படித்த பகவதி மட்டும் அந்த மைக்கில் ஒரு நாளும் பேசியதில்லை.

ஓய்வுபெற்று ஊரோடு வந்து சேர்ந்தாகிவிட்டது. போன மாதம், இப்போது அந்த அறையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ஃபோன் செய்தாள். கம்ப்யூட்டரே பேச்சைக் கேட்டு மொழிபெயர்க்கும் ஏற்பாடு ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். “பரவாயில்லாமல்தான் செய்கிறது மேடம். நீங்கள் மொழிபெயர்த்ததிலேயே கஷ்டமான பேச்சு எது? அதை உள்ளே போட்டுப் பார்க்கலாம்” என்றாள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சை எழுத்தில் படித்தால் அதில் ஒரு கஷ்டமும் தெரியாது. சின்னச் சின்ன வாக்கியங்கள். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தீதியைப் பற்றி. எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளர் ஒரு வங்காள அம்மாள். எல்லோருக்கும் தீதி, அதாவது அக்கா. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, முகத்தில் சிரிப்பே இருக்காது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நிற்பார். உறுப்பினர் உளறியதை நாம் அழகுபடுத்திச் சொன்னால் தோளில் ஒரு விரல் விழும். அவ்வளவுதான், திட்டமாட்டார். வெளியே வந்த பிறகு சொல்லுவார்: “அவர் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர். நீ தேர்வு எழுதி வந்தவள். அவர் தப்பாகப் பேசினால் அந்தத் தப்பும் அவருக்குச் சொந்தம். அதில் கை வைக்க உனக்கு உரிமை இல்லை.” என் பயிற்சிக் காலம் முழுவதையும் இந்த ஒரு விரலில் அடக்கிவிடலாம்.

இனி ஞானாபரணம் அண்ணாச்சி. எங்கள் மாவட்டத்துக்காரர். நாகர்கோவில் கோர்ட்டில் நெடுங்காலம் வக்கீலாக இருந்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். வயலும் தென்னையுமாக இருந்த ஒரு சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். ஆங்கிலம் நன்றாகத் தெரியும். இருந்தாலும் சபையில் தமிழில்தான் பேசுவார். தமிழில் பேசப்போவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் கண்ணாடி அறையில் எங்களில் ஒருவரை உட்கார வைப்பார்கள். அவர் ஒரு தடவைகூட அதை மறந்ததில்லை.

அவருடைய முதல் பேச்சு முடிந்த மறுநாள் நடைபாதையில் என்னை நிறுத்தினார்.

“எந்த ஊரு மக்கா நீ?”

“பூதப்பாண்டி, அண்ணாச்சி.”

“அதாக்கும் பாத்தேன். வெப்ராளம்னு நான் சொன்னதை யோசிக்காம இங்கிலீசில சொல்லிட்டியே. மெட்ராஸ்காரன்னா முழிச்சிருப்பான்.”

வெப்ராளம் என்றால் நெஞ்சு கிடந்து தவிப்பது. எங்கள் ஊரில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு வீட்டிலும் ஒரு நாளும் கழியாது.

அவர் எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்பார். வக்கீலாக இருந்த காலத்தில் கடற்கரைப் பெண்கள் அவரைத் தேடி வருவார்கள். கடலுக்குப் போன கணவன் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனை இறந்தவனாகக் கொள்ளச் சட்டம் ஏழு வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. அதுவரை இறப்புச் சான்றிதழ் கிடையாது. ரேஷன் கார்டில் அவன் பெயர் இருந்துகொண்டே இருக்கும். பேங்கில் அவன் கையெழுத்தைக் கேட்பார்கள். விதவைப் பென்ஷன் கேட்டுப் போனால், “நீ விதவை இல்லையே” என்பார்கள். கடலில் போனவர்களுக்காவது இந்த ஏழு வருஷத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அண்ணாச்சியின் பாட்டு.

ரயில்வே விவாதத்தில் அதைச் சொன்னார். பள்ளிக்கூட விவாதத்தில் சொன்னார். ஒரு தடவை ரப்பர் விலையைப் பற்றி விவாதம். எங்கள் மேற்குத் தாலுகா முழுக்க ரப்பர்தானே, அதற்காகத்தான் அவருக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். பாதியில் கடற்கரைக்குப் போய்விட்டார். அவைத் தலைவர், “மாண்புமிகு உறுப்பினரே, விவாதம் ரப்பரைப் பற்றி” என்று நினைவூட்டினார்.

“ரப்பரைப் பத்திதான் ஐயா சொல்லுகேன். ரப்பர் நட்டவன் ஏழு வருசம் காத்திருந்தா மரத்தில பால் வரும். எங்க ஊரு பொம்பளை ஏழு வருசம் காத்திருந்தா என்ன வரும்? ஒரு தாள் வரும். அதுலயும் அவன் செத்துப்போனான்னு எழுதியிருக்கும்.”

அதை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். நேரம் முடிந்தும் தலைவர் மணியடிக்கவில்லை. அடுத்த உறுப்பினரை அழைக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

இப்படியே வருஷங்கள் போயின. கடைசியில் அண்ணாச்சி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசாங்கம் கொண்டுவருவது ஒரு வகை. உறுப்பினர் தானாகக் கொண்டுவருவது இன்னொரு வகை. இதை வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் எடுப்பார்கள். பாதி சபை ஊருக்குக் கிளம்பியிருக்கும். கொண்டுவந்தவர் பேசுவார், வேறு சிலர் பேசுவார்கள், அமைச்சர் பதில் சொல்லி மசோதாவைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொள்வார், இவரும் பெற்றுக்கொள்வார். அநேகமாக அவ்வளவுதான். ஆனால் அமைச்சர் தன் பதிலில் ‘செய்கிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அதை நிறைவேற்றினாரா என்று பார்க்க ஒரு குழுவே உண்டு. அண்ணாச்சிக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை.

மசோதாவுக்கு முறை வருவதற்கு முந்தின விடுமுறையில், நாகர்கோவில் வீட்டில், அவருக்குப் பக்கவாதம் வந்தது.

நான் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது பார்க்கப் போனேன். கை கால் தேறிவிட்டது. பேச்சுதான் பிடிபடவில்லை. அவர் மனைவி ரெத்தினபாய் அக்கா, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர், காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்:

“நல்லாத்தான் பேசுகாரு பகவதி. ஆனா ஒரு சொல்லுக்குப் பதிலா இன்னொரு சொல்லு வந்திருது. கண்ணாடி எடுன்னு சொல்லவேண்டிய இடத்தில செருப்பு எடுங்காரு. எடுத்துக் கொடுத்தா கோவப்படுகாரு. தான் செருப்புன்னு சொன்னது அவருக்கே தெரியல்ல.”

“அப்ப என்ன செய்யிதீங்க?”

“நான் ஒருக்கா திருப்பிச் சொல்லுவேன். ‘செருப்பா கேட்டிய?’ன்னு. வேற ஆளு வாயில கேட்டா உடனே பிடிச்சுக்கிடுவாரு. ‘செருப்பு இல்ல, செருப்பு இல்ல’ன்னு தேடித் தேடிக் கண்ணாடிக்கு வந்திருவாரு.”

அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

கூட்டத்தொடர் தொடங்கியதும் தில்லிக்கு வந்துவிட்டார். மசோதாவைத் தன் சார்பில் வேறு ஒருவர் முன்மொழிய எழுதிக் கொடுக்கலாம், அதற்கு விதி இருக்கிறது. கட்சியிலும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. அந்த வாரம் என்னை மத்திய மண்டபத்துக்கு வெளியே உட்காரவைத்துக் கேட்டார். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“மக்கா, நான் பேசும்போது ஹெட்போனை மாட்டிக்கிடுவேன். உனக்க இங்கிலீசு எனக்குக் காதில விழும். நான் தப்பாச் சொன்னா நீயும் தப்பாவே சொல்லணும். அப்பதான் எனக்குத் தெரியும். நீ திருத்திட்டேன்னா நான் சரியாச் சொன்னேன்னு நெனச்சுக்கிட்டுப் போயிருவேன்.”

“சபை பூராவும் கேக்குமே அண்ணாச்சி.”

“கேக்கட்டும். வியாதி எனக்குத்தானே, வெக்கம் என்னத்துக்கு?”

அறைக்குத் திரும்பி தீதியிடம் சொன்னேன். விதியின் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன்.

“பகவதி, என் காலத்தில் எவ்வளவோ பேர் பேசி நான் கேட்டிருக்கிறேன். அவர் ரப்பரைப் பற்றிப் பேசிய நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த மனிதரைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது. இந்த ஒரு தடவை நீ திருத்திச் சொல்லு. என் விரல் உன் தோளில் விழாது.”

“அவர் கேட்டுக்கொண்டாரே தீதி?”

“அவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதை உன்னால் தாங்க முடியுமா என்பதுதான் என் கவலை” என்றார்.

வெள்ளிக்கிழமை. சபையில் பாதிக்கும் குறைவாகத்தான் ஆட்கள். அண்ணாச்சி உட்கார்ந்தபடியே பேசலாம் என்று தலைவர் அனுமதித்தார். அவர் எழுந்து நின்றார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, தலையில் கறுப்பு ஹெட்போன். ஒரு கை மேஜையைப் பிடித்திருந்தது.

வழக்கமாக உறுப்பினர் பேசிக்கொண்டே போவார், நாங்கள் ஒரு வாக்கியம் பின்னால் ஓடிக்கொண்டே இருப்போம். அன்று அப்படி இல்லை. அண்ணாச்சி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்து நின்றார். நான் சொல்லி முடித்ததும் தலையாட்டிவிட்டு அடுத்ததைச் சொன்னார். அந்த இடைவெளி பழகாததால் சபை மெல்ல மெல்ல நிமிர்ந்து பார்க்கத் தொடங்கியது.

“ஐயா, எங்க ஊரு கடற்கரையில லூர்தம்மாள்னு ஒரு பொம்பளை. மாப்பிள்ளை பேரு சூசை மரியான்.”

சொன்னேன். தலையாட்டினார்.

“அவரு ஒரு நாளு கோயிலுக்குப் போனாரு. திரும்பி வரல்ல.”

என் நாக்கில் ‘கடல்’ தயாராக நின்றது. ஒரு சொல்லை மாற்றினால் போதும், யாருக்கும் தெரியாது. பின்னால் தீதி நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. கடற்கரை ஜனங்கள் மாதா கோயிலைத்தான் கோயில் என்பார்கள். ஆகவே, “அவர் ஒரு நாள் சர்ச்சுக்குப் போனார், திரும்பி வரவில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் ஆங்கிலத்தைக் கேட்டுத்தான் அடுத்த அறையில் இந்திக்கு மாற்றுவார்கள். அங்கே இருந்த நண்பர் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார்.

அண்ணாச்சியின் கை மேலே போனது. “கோயில் இல்ல. கோயில் இல்ல ஐயா. தண்ணி. பெரிய தண்ணி…” நெற்றி சுருங்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள். “கடல்!” என்றார், வலையில் அது அகப்பட்டுவிட்டதுபோல. நானும் அதே சத்தத்தோடு சொன்னேன்.

“காத்து வந்து அவருக்க கட்டிலு கவுந்து போச்சு.”

“காற்று வந்து அவருடைய கட்டில் கவிழ்ந்துவிட்டது” என்று சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். தீதியின் மூச்சு என் முதுகில் பட்டது. அண்ணாச்சி கேட்டார், புரிந்துகொண்டார், அவரும் சிரித்தார்.

“கட்டில் இல்ல. வள்ளம். கட்டிலு கவுந்தா தரையிலதான ஐயா விழுவோம்.”

இப்போது சபை முழுவதும் சிரித்தது. இது வேறு சிரிப்பு. முதலில் சிரித்தவர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு யாரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளவில்லை. அண்ணாச்சி தடுமாறிய இடத்தில் அவர்களும் நின்றார்கள். சொல் கிடைத்ததும் மேஜையைத் தட்டினார்கள்.

ரேஷன் கார்டைச் சொன்னார். பேங்கைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிள்ளையிடம் அப்பாவின் கையெழுத்தைக் கேட்பதைச் சொன்னார். தலைவரின் கை மணியின் பக்கம் போய், தொடாமல் திரும்பி வந்தது.

“சட்டம் சொல்லுது, ஏழு வருசம் பொறுன்னு. அந்த ஏழு வருசமும் அவ…”

நின்றார். அவர் தேடியது ‘விதவையும் இல்லை, மனைவியும் இல்லை’ என்பதாக இருக்க வேண்டும். அதைப் பல தடவை அவர் வாயால் கேட்டிருக்கிறேன். வந்தது வேறு.

“அந்த ஏழு வருசமும் அவ மணவாட்டியாக்கும்.”

மணவாட்டி, கல்யாணப் பெண். வேதாகமத்தில் மணவாளனுக்காகக் காத்திருக்கிறவளைக் குறிக்கிற சொல். அவருடைய சர்ச் கல்யாணங்களில் பாதிரியார் சொல்லுகிற சொல். நான் சொன்னேன்: “அந்த ஏழு வருஷமும் அவள் மணப்பெண்.”

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கை மேலே போனது. திருத்தப்போகிறார் என்று சபை காத்திருந்தது. நானும் மைக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கை அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது.

“இருக்கட்டும்” என்றார். “இத நான் திருத்தல்ல.”

எங்கள் மைக்கில் ஒரு பொத்தான் உண்டு. இருமல் வந்தால் அதை அழுத்திக்கொள்ளலாம், சத்தம் வெளியே போகாது. அதை அழுத்தி ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான், “இருக்கட்டும். இதை நான் திருத்தவில்லை” என்று சொல்ல முடிந்தது. தோளில் ஏதோ பட்டது. இந்தத் தடவை விரல் இல்லை, முழுக் கை.

அமைச்சர் எழுதிக்கொண்டு வந்த பதிலில் இரண்டு வரி படித்தார். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டார். ஏழு வருஷச் சட்டத்தை மாற்ற முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் கடலில் காணாமல் போனவர்களுக்கு உள்ளூரிலேயே விசாரணை நடத்திச் சான்றிதழ் தர வழி செய்கிறேன் என்றார். ‘செய்கிறேன்’ என்று அவர் சொன்ன கணத்தில் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். மசோதாவைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று தலைவர் கேட்டார்.

“மந்திரி சொன்னதை நம்புகேன். எடுத்துக்கிடுதேன்” என்றார். ஒரு சொல்லும் பிசகவில்லை.

அதன்பின் கொஞ்ச நாளில் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. நானும் ஓய்வுபெற்றேன். அண்ணாச்சி வீட்டிலிருந்தபடியே அந்த உறுதிமொழியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொல்ல, ரெத்தினபாய் அக்கா திருப்பிச் சொல்லி, அவர் சரிபார்த்து, கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. அவர் கேட்ட சட்டம் வரவில்லை. ஆனால் விசாரணைக்கு வழி வந்தது. ஒரு நாள் அக்கா ஃபோன் செய்தார்: “பகவதி, லூர்தம்மாளுக்குச் சான்றிதழ் கிடைச்சாச்சு. அவ மாப்பிள்ளைக்குப் பூசை வைக்கா. இவரு போயே ஆகணும்ங்காரு. நீயும் வாறியா?”

மூன்று பேரும் காரில் போனோம். குளச்சலைத் தாண்டி, தென்னைகளுக்கு நடுவில் ஒரு கடற்கரை ஊர். மாதா கோயிலில் பூசை முடிந்து லூர்தம்மாள் வீட்டுக்குப் போனோம். அவரை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை. அண்ணாச்சியை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“அண்ணாச்சி, கோவிச்சுக்காதீய. இவ்வளவு நாளும் உள்ளுக்குள்ள ஒரு மூலையில வருவாருன்னு இருந்துச்சு. கதவு தட்டுனா அவராக்கும்னு தோணும். இந்தத் தாள் கையில வந்த அன்னைக்குத்தான் அவரு செத்தாரு.”

சொல்லிவிட்டு அழுதார். ஊரே கேட்க அழுதார். அவ்வளவு காலமும் அழ அனுமதி இல்லாதவர் அழுவதுபோல இருந்தது. அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. வேறு சொல்லும் வரவில்லை. லூர்தம்மாளின் தலையில் கையை வைத்தபடி, அவர் அழுது முடியும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். ரெத்தினபாய் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு எல்லோருக்கும் சாப்பாடு போட்டார்கள். கிளம்பும் நேரத்தில் லூர்தம்மாள் என் பக்கத்தில் வந்தார். கண் வீங்கியிருந்தாலும் முகம் தெளிந்திருந்தது.

“நீங்கதானா அங்க இங்கிலீசில சொன்னது?”

“ஆமா.”

“எனக்க பேரையும் சொன்னியளா?”

“சொன்னேன். உங்க பேரு, அவரு பேரு, ரெண்டும்.”

“எப்படிச் சொன்னிய? ஒருக்கா சொல்லுங்க, கேப்போம்.”

அந்த வாசலில், சுற்றிலும் ஆட்கள் நிற்க, சபையில் சொன்னதுபோலவே அந்த முதல் வாக்கியங்களை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஒரு சொல்லையும் விடாமல் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் வந்த இடத்தில் மட்டும் தலையை ஆட்டினார்.

“இங்கிலீசிலயும் அவருக்க பேரு மாறல்ல, இல்லியா?”

“மாறாது. சூசை மரியான்தான்.”

“அப்ப இன்னொருக்கா சொல்லுங்க” என்றார்.